ஒரு சாண் கருப்பு வயர்

தொங்கட்டும். இன்னும் சித்த நேரம் வெறும் காத்துல தொங்கட்டும். ஜன்னல் கம்பியில கயித்தைக் கட்டி சென்சாரைத் தொங்க விட்டிருக்கறேன், பக்கத்துல அதோட பெட்டியில பச்சை லைட்டு மினுக்கு மினுக்குனு மினுக்குது. பொகை, பெட்ரோல் வாசம் எதுவும் கிட்ட அண்டக் கூடாது. சுத்தமான காத்து எப்படி இருக்கும்னு மொதல்ல இது தெரிஞ்சுக்கோணும், அப்பத்தான் சைலன்சர் பைப்புல மாட்டுனதுக்கு அப்புறம் பொகையை மோந்து பாத்து, பெட்ரோல் எச்சா காத்து எச்சான்னு என்ஜின் கம்ப்யூட்டருக்கு ஒழுங்காச் சேதி சொல்லும். கார்ல கம்பெனிக்காரன் வெச்சு விடற சென்சாருக்கு ஆமா, இல்லைன்னு ரெண்டே பேச்சுத்தான் தெரியும். இந்த வைட்பேண்டு நம்பராச் சொல்லும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காத்து பன்னெண்டரைப் பங்குன்னு புள்ளி வெச்சுச் சொல்லும். ரேஸ் வண்டிக்கு அந்த நம்பர்தான் உசுரு. மணி ரெண்டேகாலு. நாலு மணிக்கு அவரு வாராரு. என்கிட்டச் சொல்லல, காருக்குச் சொந்தக்காரரு தாமோதரன் சார்கிட்டச் சொல்லி, தாமோதரன் சார் என்கிட்டச் சொன்னாரு. கட்டுன புருசன் எத்தனை மணிக்கு வருவாருன்னு கார்க்காரரு ஃபோன் பண்ணிச் சொல்லித்தான் எனக்குத் தெரியோணும், கெரகம். திங்கக்கெழமை கோர்ட்டு. வெவாகரத்துக்கு ரெண்டாவது கையெழுத்து. அதையும் போட்டுட்டா பதினாலு வருசம் முடிஞ்சுது. புள்ளகுட்டி இல்லாததுனால வக்கீலுக்கு வேலை சுலுவுன்னு வக்கீலே என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுட்டே சொன்னான், பாவி. இன்னிக்கு வெள்ளி. அவரைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கறதுக்கு எனக்கு இன்னிக்கு ஒரு நாளுதான் இருக்குது. கோர்ட்டுக்கு வர வேண்டாமுங்க, கையெழுத்துப் போட வேண்டாமுங்க, அவ்வளவுதான் கேக்கோணும். காலையில பல்லு வெளக்கறப்பயிருந்து அதையேதான் சொல்லிப் பாத்துட்டு இருக்கறேன்.

சொல்லிப் பாத்தா என்ன, கூப்பிடறதுக்கே வாய் வரமாட்டேங்குதே. மாமான்னுதான் கூப்பிடுவேன். கலியாணத்தன்னிக்குச் சாயந்தரம் கூப்பிட ஆரம்பிச்சது. செல்வநாயகி, என்னைய மாமான்னு கூப்பிடறதுன்னாக் கூப்பிடு, மூர்த்தின்னு கூப்பிட்டாலும் தப்பில்லைன்னாரு. நான் வெக்கப்பட்டுட்டு மாமான்னேன். எனக்கே சிரிப்பு, வெக்கமெல்லாம் எனக்கு ஏது. கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில ஆறு வருசம் நாப்பது ஆம்பளைகளுக்கு நடுவுல வயர் இழுத்தவ நான். ஐடிஐ முடிச்சுட்டுப் போனப்ப பொம்பளைக்கு இங்க என்ன வேலைன்னான் ஒருத்தன், மூணே மாசத்துல அவன் இழுத்த லைனை நாந்தான் பிரிச்சு மறுபடி இழுத்தேன். அவரு அப்படியில்ல. அவரு படிச்சது வேற, பேச்சு வேற, எதையும் மெதுவா ஒருக்காத்தான் சொல்லுவாரு. இந்த ஷெட்டை ரெண்டு பேருந்தான் ஆரம்பிச்சோம், பீளமேட்டுக்குப் பின்னாடி, வாடகைக்கு. வயரிங் நான், மேப் அவரு. மேப்புன்னா எந்த வேகத்துல எவ்வளவு பெட்ரோல் ஊத்தோணும்னு கம்ப்யூட்டருக்குள்ள எழுதறது. நான் சென்சாரை மாட்டிக் கம்ப்யூட்டருக்குச் சேத்து விடுவேன், அது சொல்ற நம்பரைப் பாத்து அவரு பெட்ரோலை ஏத்துவாரு, எறக்குவாரு. நம்பர் தாந்தாப் பெட்ரோல் எச்சு, வண்டி குளுகுளுன்னு இருக்கும். நம்பர் ஏறுனாப் பெட்ரோல் கம்மி, உள்ள சூடு கூடும், கூடிட்டே போனா பிஸ்டன் உருகும். இதுல பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. சென்சார் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். சொல்லாது, நான் மாட்டுனாச் சொல்லாதுன்னு ஊருக்கே தெரியும். நாயகியக்கா வயரிங்ல ஜாயிண்ட் இருக்காதுன்னு மத்த பட்டறையில பேசிக்குவாங்க. இருக்காதுதான். ஒரு மொனையில இருந்து இன்னொரு மொனைக்கு ஒரே வயரு, நடுவுல வெட்டி ஒட்டற பேச்சே கெடையாது.

இந்த வெள்ளைக் காரு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ட்ராக்குல நாலாவது சுத்துல படபடன்னு சத்தம் வந்து, நீலப் பொகையக் கக்கிட்டு ஓரமா நின்னுது. மூணாவது பிஸ்டன் உருகி நடுவுல ஓட்டை. தாமோதரன் சார் தலையில கையை வெச்சுட்டு நிக்கறாரு, சுத்தியும் இருவது பேரு, எல்லாம் நம்ம தொழில்காரனுக. அப்ப இவரு என்ற பக்கத்துல வந்து, காதோரம், மெதுவா, "அம்மிணி, எர்த்தை ஒருக்காப் பாத்தரலாமா?"ன்னாரு. மெதுவாத்தான் கேட்டாரு. நாந்தான் கத்துனேன். அந்த இருவது பேருக்கும் கேக்கற மாதிரி, "என்ற வயரிங்கை என்னத்தப் பாக்கறது? லேப்டாப்பைத் தட்றவனுக்கு வயரைப் பத்தி என்ன தெரியும்?"னேன். தட்றவனுக்கு. வரு இல்ல, வன். கடைக்குப் பாலு வாங்க வர்ற பொடிசைக்கூட வாங்க, என்ன வேணுமுங்கன்னு கேக்கற ஊரு இது. பன்னெண்டு வருசமா மாமான்னு கூப்பிட்ட வாயில அந்த வன் எங்கிருந்து வந்துதுன்னு இன்னும் எனக்குப் புரியல. பொண்டாட்டியே அவன் இவன்னு பேசறா, அப்புறம் நமக்கென்னன்னு அடுத்த நாள்ல இருந்து ஊரே பேசுச்சு. பிஸ்டனை உருக்குன மூர்த்தின்னு பேரு வெச்சானுக. ஒருத்தனும் மேப்புக்கு வண்டி தரல. இவரு ஒரு வார்த்தை பேசல. அவ்வளவு பேச்சுக்கும் நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூடப் பரவால்ல, நான் திருப்பி ரெண்டு குடுத்திருப்பேன், சண்டை, ஓரியாட்டம்னு ஆகி முடிஞ்சிருக்கும். ஒம்பதாவது நாள் பையைத் தூக்கிட்டு ஓசூருக்குப் போயிட்டாரு. அங்க ஒரு பட்டறையில வேலை. போறப்ப ரசம் அடுப்புல இருக்குது, எறக்கிருன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த ரசத்தை நான் எறக்கவேயில்ல, வத்திக் கருகிப் போச்சு.

லைட்டு மினுக்கறது நின்னுருச்சு. சரி, காத்தைப் படிச்சுட்டுது. இனி மாட்டோணும். தாமோதரன் சார் வேற பட்டறையில புது என்ஜின் எறக்கிட்டு வந்துட்டாரு, ஆனாப் பழைய வயரிங் அப்படியே இருக்குது, பழைய சென்சாரு மட்டும் அன்னிக்கே செத்துப் போச்சு. வயரிங் நீங்க, மேப் அவருதான், அப்படின்னாத்தான் வண்டியக் கொண்டாருவேன்னாரு. ஓசூர்ல அவரு கைபட்ட வண்டி ரெண்டு இப்ப முன்னால ஓடுதாமா. "ஒருக்காத் தப்புப் பண்ணாத மனுசன் யாருங்க, நானும் அன்னிக்கு அவசரப்பட்டு அவரை ரெண்டு வார்த்தை பேசிட்டேன்"னு சொல்லி இவரை மன்னிச்சு உட்டாரு, பெரிய மனசு. நானும் ஆமாங்கன்னேன். நானுந்தான் மன்னிச்சுட்டேனே. ஆறு மாசம் ஆச்சு எனக்கு மன்னிக்கறதுக்கு. மேப்புல ஏதோ கை தவறிருச்சு, போகட்டும், புருசன்தானேன்னு மன்னிச்சேன். அதை இன்னிக்கு அவருகிட்ட எப்படிச் சொல்றது, உங்களை மன்னிச்சுட்டேனுங்கன்னு சொன்னா நல்லா இருக்குமா, இல்ல அதைச் சொல்லாமயே போக வேண்டாமுங்கன்னு கேக்கறதான்னு, ஸ்பேனரைப் பிடிச்சுட்டே யோசிச்சுட்டு நின்னேன். சென்சாரை மாட்டியாச்சு. பழைய பெட்டியக் கழட்டோணும். டேப்பைப் பிரிக்கறேன், செவப்பு வயர் சரி, வெள்ளை உள்ள கம்ப்யூட்டருக்குப் போகுது சரி, கருப்பு, எர்த்து வயரு. கருப்பு எங்க போகுது? கருப்பு உள்ள போகல. கருப்பு கீழ எறங்கி கியர்பாக்ஸ் போல்ட்டுல நிக்குது.

என்ற கைதான். மொனையில வளையம் வெச்சு நசுக்கி, ரெண்டு சுத்து வெள்ளை டேப்பு. நான் போடற மாதிரியே. எர்த்து அங்க எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஹாரனுக்கும் லைட்டுக்கும் எந்த போல்ட்டு கெடைச்சாலும் எர்த்துதான், சென்சாருக்கு அப்படியில்ல. கம்ப்யூட்டரு எந்த எடத்துல நிக்குதோ சென்சாரும் அதே எடத்துல நிக்கோணும், இல்லாட்டி இது ஒண்ணு சொல்லும், அது வேற ஒண்ணாக் கேட்டுக்கும். சரி சரி, பதறாத நாயகி, போல்ட்டும் இரும்பு, பாடியும் இரும்பு, எல்லாம் ஒண்ணுதான். மீட்டரை எடு. கருப்பு முள்ளைக் கம்ப்யூட்டரோட எர்த்துல வெச்சேன், செவப்பைக் கியர்பாக்ஸ் போல்ட்டுல. சைபர். சைபர் சைபர் சைபர். பாத்தியா, ஒண்ணுமில்ல, அன்னிக்கும் இதேதான் பாத்தேன், ட்ராக்குல இருந்து வண்டியக் கொண்டாந்து போட்ட அன்னிக்கு, அவரு தூங்குனதுக்கு அப்புறம் வந்து வெச்சுப் பாத்தேன், சைபர்தான். மனசு லேசாச்சு. என்ற மேல தப்பில்ல. ஆனா அன்னிக்கு என்ஜின் ஓடல. உருகிப் போன என்ஜினை எங்க போட்டு ஓட்டறது. இன்னிக்கு ஓடும். ஓடற என்ஜினை வெச்சுட்டு ஓட்டிப் பாக்காம இருக்க முடியுமா? பாக்காம இருக்கலாந்தான். யாரு கேக்கப் போறா. சாவியத் திருகுனேன். ஓடுது. மீட்டர்ல சைபர், சைபர் புள்ளி சைபர் ஒண்ணு. சூடு ஏறுது. ஏறட்டும். கண்ணை மூடிக்கலாம்னு இருந்துச்சு. ரேடியேட்டர் ஃபேன் விர்ருனு சுத்த ஆரம்பிச்சுது. மைனஸ் புள்ளி மூணு எட்டு.

முள்ளு சரியா ஒட்டலையோ என்னமோ. தொடைச்சுட்டு வெச்சேன். மைனஸ் புள்ளி மூணு எட்டு. ஃபேன் நின்னுது, சைபர். மறுபடி சுத்துச்சு, மூணு எட்டு. மீட்டர்ல பேட்டரி போச்சோன்னு இன்னொரு மீட்டரை எடுத்தேன், அது மூணு ஒம்பதுங்குது. அட கெரகமே. ஃபேன் கரண்டை இழுக்கறப்ப பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவுல அந்தச் சின்ன வித்தியாசம் விழுகுது, சென்சாரு ஒரு பக்கம் நிக்குது, கம்ப்யூட்டரு ஒரு பக்கம் நிக்குது. கால் வோல்ட்டுக்கு மேல, அரை வோல்ட்டுக்குக் கீழ. இந்தப் பெட்டி ஒரு வோல்ட்டுக்கு ரெண்டு நம்பர் சொல்றது. அப்ப முக்கால் நம்பர். அவரு லேப்டாப்புல பன்னெண்டரைன்னு பாத்தது நெசத்துல பதிமூணேகாலு. பதிமூணேகாலு. நம்பரை நம்பித்தானே பெட்ரோலை எறக்குனாரு. என்னைய நம்பித்தானே நம்பரை நம்புனாரு. ட்ராக்குல வெயிலு, ஃபேன் நிக்காம ஓடியிருக்கும். மேப்புல ஒரு குத்தமுமில்ல. கை தவறல. அவருக்கு ஒண்ணுமே தவறல. எல்லாம் நாந்தான். ஞாபகம் வந்துருச்சு. இப்ப வருது பாரு, ரெண்டு வருசம் வராதது. பந்தயத்துக்கு மொத நாளு, பெட்டியோட வந்த கருப்பு வயரு கம்ப்யூட்டருக்கு எட்டல. ஒரு சாண் பத்தல. ஒரே ஒரு சாண். ஒரு துண்டைச் சேத்துப் பத்த வெச்சிருந்தா முடிஞ்சுது, மூணு நிமிச வேலை. ஜாயிண்ட் போடறதா, நானா, என்ற வயரிங்லயான்னு நெனைச்சேன். நாளைக்கு எவனாவது டேப்பைப் பிரிச்சுப் பாத்தா நாயகியக்காவும் ஜாயிண்ட் போட ஆரம்பிச்சுட்டாங்கம்பான். எட்டற எடத்துல போல்ட்டு இருந்துச்சு, முறுக்கிட்டேன். மீட்டர் வெச்சேன், சைபர். போய்த் தூங்கிட்டேன். நிம்மதியாத் தூங்குனேன்.

வண்டிய நிறுத்திட்டுக் கீழயே உக்காந்துட்டேன். மணி மூணு அஞ்சு. அழுகை வருதுன்னு பாத்தா வரல. ஆறு மாசம் ஆச்சாம் இவளுக்கு மன்னிக்கறதுக்கு. தூ. யாரு யாரை மன்னிக்கறது. அவரு ஓசூர்ல ஒத்தை ரூம்புல, கடையில வாங்கி உண்டுட்டு, பிஸ்டனை உருக்குனவன்னு பேரைச் சொமந்துட்டு. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேப்பேன், கையெழுத்துப் போட வேண்டாமுங்கன்னு. கேக்கலாம். ஏன் கேக்கக் கூடாது? பழைய கருப்பு வயரைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டா யாருக்குத் தெரியும்? புதுசை ஒழுங்கா இழுத்துட்டா நாலு மணிக்கு அவரு வர்றப்ப எல்லாஞ் சரியா இருக்கும். நம்பர் சரியா வரும். சிரிச்ச மூஞ்சியா டீ போட்டுக் குடுத்து, மாமா, போனது போகட்டும், வாங்க ஊட்டுக்குன்னு சொல்லலாம். மன்னிக்கறவளாட்டவே சொல்லலாம். வந்தாலும் வந்துருவாரு, எளகுன மனசு. வந்து, உண்டு, பக்கத்துல படுத்து, சாகறவரைக்கும் தன்ற மேலதான் தப்புன்னு நெனைச்சுட்டே இருப்பாரு. நான் பாத்துட்டே இருப்பேன். இருக்க முடியுமா உன்னால? முடியும் போல இருக்குதே, அதுதான் பயமா இருக்குது. சொன்னா? சொன்னா ஒரேயடியாப் போயிருவாரு. இத்தனை நாளாப் பேசாம இருந்தவரு, ஒரு சாண் வயருக்குத்தானாடி இத்தனையும்னு கேட்டுட்டுப் போயிருவாரு. கேக்கட்டும். ஐயோ, கேட்டா என்ன பண்ணுவேன்.

கை மட்டும் அது பாட்டுக்கு வேலையச் செய்யுது. புதுப் பெட்டிய மாட்டுனேன். செவப்பு, வெள்ளை, கருப்பு. இந்தப் பெட்டியோட கருப்பு வயரும் அதே நீளந்தான், அதே ஒரு சாண் பத்தல. ஜாயிண்ட் போட்டேன். தோலை உரிச்சு, முறுக்கி, ஈயத்தைக் காய்ச்சி ஊத்தி, மேல குழாயைச் சுருக்கி உட்டேன். கம்ப்யூட்டரோட எர்த்துலயே கொண்டு போய்ச் சேத்தேன். ஸ்டார்ட் பண்ணி, ஃபேன் சுத்தற வரைக்கும் காத்திருந்து வெச்சுப் பாத்தா, சைபர் புள்ளி சைபர் சைபர் ஒண்ணு. மூணு நிமிசங்கூட ஆகல. பழைய வயரு மேசை மேல கெடக்குது, வெள்ளை டேப்போட. குப்பை டப்பாவுல போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன். வெளிய பைக் சத்தம் கேட்டப்ப அது என்ற கையிலதான் இருந்துச்சு. நாலாகறதுக்கு இன்னும் பத்து நிமிசம் இருந்துச்சு, அவரு எப்பவும் அப்படித்தான், முன்னாலயே வந்துருவாரு.

எளைச்சுப் போயிட்டாரு. காதோரம் நரை. சட்டை எனக்குத் தெரியாத சட்டை. "வாங்க"ன்னேன், மாமாங்கறது வரல. "வந்தேனுங்க"ன்னாரு. "நல்லா இருக்கறீங்களா?" நீங்க. பன்னெண்டு வருசம் நீ, அம்மிணி, ஏ புள்ள. செல்லமாச் சொல்ற ங்க எனக்குத் தெரியும், இது அதில்ல. இது பேங்குல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்ற ங்க. எனக்குப் பொக்குனு போச்சு. லேப்டாப்பை எடுத்து முன்சீட்டுல வெச்சுட்டு, வயரைச் சொருகிட்டு, என்ற மூஞ்சியப் பாக்காம, "எர்த்து எங்கிருந்து எடுத்திருக்கறீங்க?"ன்னாரு. எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வியாத்தான் இருக்கும். "கம்ப்யூட்டரோட எர்த்துலயேங்க"ன்னேன். அத்தோட உட்டிருக்கலாம். வாய் நிக்கல. "பழசு அப்படியில்லீங்க. கியர்பாக்ஸ் போல்ட்டுல முறுக்கியிருந்தேன். ஒரு சாண் எட்டல, ஜாயிண்ட் போடறதுக்கு மனசு வரல. ஃபேன் ஓடுனா புள்ளி மூணு எட்டு வித்தியாசம் வருது, இப்பத்தான் பாத்தேன். உங்க மேப்புல ஒண்ணுமில்ல. பிஸ்டனை உருக்குனது நாந்தானுங்க." வயரை நீட்டுனேன். அவரு வாங்கல. "தெரியுமுங்க"ன்னாரு.

தெரியுமுங்க. என்ன தெரியும், எப்பத் தெரியும்? "வண்டிய இங்க கொண்டாந்து போட்ட அன்னிக்கே லேப்டாப்புல பதிவானதைப் பாத்தேனுங்க. ஃபேன் போடறப்பல்லாம் நம்பர் சொல்லி வெச்சாப்புல முக்கால் எறங்குது. ஃபேன் நின்னா ஏறுது. பெட்ரோல் எச்சாப் போனா அப்படி எறங்காது. எர்த்துன்னு புரிஞ்சுது." "அப்புறம் ஏன் மாமா சொல்லல?" வந்துருச்சு, மாமான்னு அதுவா வந்துருச்சு. "அதைத் தாமோதரன் சார்கிட்டக் காட்டியிருந்தா உங்க பேரு கெட்டிருக்காதே, ஓசூருக்குப் போயிருக்க வேண்டாமே!" அவரு லேப்டாப் மூடியத் தொடைச்சுட்டே சொல்றாரு, "காட்டியிருந்தா உங்க பேரு போயிருக்குமுங்க. உங்களுக்கு வயரிங்தான் எல்லாம், எனக்குத் தெரியாதா? நானாக் கழட்டிக் காட்டுனா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனைச்சேன். நீங்களே ஒருக்கா ஃபேனை மட்டுமாவது சுத்த உட்டுப் பாப்பீங்கன்னு இருந்தேன். வண்டி எட்டு நாள் இங்கதான நின்னுது." எட்டு நாள். நெதமும் சாயந்தரம் வந்து இந்த வண்டிகிட்ட நிப்பாரு, பானெட்டைத் தூக்குவாரு, எறக்குவாரு. வேலை வெட்டி இல்லாம மொறைச்சுட்டு நிக்கறாருன்னு நான் அக்கட்டத் திரும்பிட்டுப் போவேன். ஒரு நாளு "என்ன, குத்தங் கண்டுபுடிக்கறீங்களா?"ன்னுகூடக் கேட்டேன். இல்ல அம்மிணின்னாரு. அவரு காத்துட்டு இருந்தாரு. எனக்காகக் காத்துட்டு இருந்தாரு. எட்டாவது நாள் வண்டி போச்சு, ஒம்பதாவது நாள் அவரு போனாரு. நான் அதை ரோசம்னு நெனைச்சுட்டு இருந்தேன், இத்தனை நாளும்.

ஃபோனை எடுத்தேன். தாமோதரன் சாருக்குப் போட்டு, இவரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல வெச்சேன். சார், அன்னிக்கு பிஸ்டன் போனது என்ற தப்புங்க, எர்த்தை மாத்திக் குடுத்துட்டேன், மேப்பு சுத்தமா இருந்துச்சுங்க, எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க, நானும் சொல்றேன்னு மூச்சு விடாமச் சொன்னேன். அவரு எங்கயோ சாப்புட்டுட்டு இருந்தாரு போல. "அட, அது போய் ரெண்டு வருசம் ஆகுது, இன்னும் அதையே நெனைச்சுட்டு இருக்கறீங்களா? இப்ப நம்பர் சரியா வருதில்லீங்க? அது போதும்"னாரு. அது போதுமாமா. அவ்வளவுதானா இது? என்ற வாழ்க்கையையே கவுத்துப் போட்ட சேதிய, அவரு மோரு ஊத்தி உண்டுட்டே கேட்டுட்டு வெச்சுட்டாரு. நான் இவரைப் பாத்தேன். என்னமோ சொல்லுவாருன்னு பாத்தேன். கண்ணுல தண்ணி நிக்குது அவருக்கு, தொடைக்கல, எனக்குத் தெரியக் கூடாதுன்னு திரையப் பாத்துட்டு இருக்கறாரு. இப்பக் கேட்டுரு நாயகி. இப்ப உட்டா இல்ல. திங்கக்கெழமை வர வேண்டாமுங்க, அவ்வளவுதான், நாலு வார்த்தை கூட இல்ல. வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு என்ற பக்கம் திரும்பி, கொழந்தைக்குச் சொல்றாப்புல, மெதுவா, ஒருக்காத்தான் சொன்னாரு. "திங்கக்கெழமை பத்தரைக்கே கூப்புட்டுருவாங்களாமுங்க. நேரத்துலயே வந்துருங்க. நீங்க வரலைன்னா இன்னொரு தேதி போடுவாங்க, உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்." எனக்கு அலைச்சலாமா. இன்னும் என்ற அலைச்சலைத்தான் பாக்கறாரு. கோவமா இருந்தாக் கால்ல விழுந்திருப்பேன். கோவமே இல்ல அவருக்கு, துளிகூட இல்ல, எல்லாம் ஆறி முடிஞ்சு போச்சு. "சரீங்க, வந்தர்றேன்"னேன்.